நாலாம் ஆண்டை மேய்ப்பது எப்படி?

கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் விடுதிச் சோறு, மூன்றாம் வருடம் கட்டுறு பயிற்சி. எல்லாம் முடித்து, நியமனக் கடிதத்தை நெஞ்சோடு அணைத்தபடி அதிபரின் அறைக்குள் நுழைகிறீர்கள். “ரீச்சர், உங்களுக்கு நாலாம் ஆண்டு தாறம்” என்கிறார் அதிபர், சிரித்தபடி. பக்கத்தில் நிற்கும் பகுதித் தலைவரும் சிரிக்கிறார். தேநீர் கொண்டுவந்த அம்மாவும் சிரிக்கிறார். நீங்களும் சிரித்து வைக்கிறீர்கள்.

அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே இடாப்புக் கூப்பிடத் தெரிந்த மூத்த ரீச்சருக்குத்தான் ஒன்றாம் ஆண்டு. ஐந்தாம் ஆண்டு, வெட்டுப்புள்ளிக்கு மேலே பிள்ளைகளைத் தூக்கிவிட்டுப் பெயரெடுத்தவருக்கு; அவர் வீதியால் போனால் தாய்மார் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். இடையில் கிடப்பவை புதிதாய் வருபவர்களுக்கு. அதிலும் நாலு விசேஷமானது. சப்பாத்து நாடா கட்டத் தெரியாத வயது போய்விட்டது, சோதினைக்குப் பயப்படும் வயது இன்னும் வரவில்லை. யாழ்ப்பாணம், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என்று ஐந்து கல்வி வலயங்களில் எதற்குள் போய் விழுந்தாலும் கீழ்வரும் ஆலோசனைகள் உதவும். நியமனக் கடிதத்தோடு இவற்றையும் இணைத்து அனுப்பவேண்டும் என்று வலயக் கல்வி அலுவலகத்துக்குத் தோன்றாதது ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

முதலில், பிள்ளைகளை நீங்கள் அவதானிக்கப் போகிறீர்கள் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். கல்லூரியில் ஒரு பிள்ளையைத் தெரிந்து, அதன் வீட்டுப் பின்னணி, நண்பர்கள், விருப்பு வெறுப்பு எல்லாம் குறித்துத் தனியாள் ஆய்வு எழுதி, சுருள்கம்பி போட்டுக் கட்டிக் கொடுத்திருப்பீர்கள். உங்களைப் பற்றிய ஆய்வை இந்த வகுப்பு முதல் நாள் இடைவேளைக்கு முன்னரே முடித்துவிடும். உங்கள் ஸ்கூட்டியின் இலக்கம், உங்கள் ஊர், சேலைக்கு எத்தனை ஊசி குத்தியிருக்கிறீர்கள், கலியாணம் முடிந்ததா, முடியாவிட்டால் ஏன் என்பதெல்லாம் அதில் அடங்கும். கடைசிக் கேள்விக்கு அவர்களிடம் பதிலும் இருக்கும். பின்வாங்கில் இருப்பவனின் அம்மம்மாவுக்கு உங்கள் ஊர்; உங்கள் பெரியம்மாவோடு ஒரே தேரில் வடம் பிடித்தவர். குடாநாட்டில் அந்நியர் என்று எவரும் இல்லை, உறவு இன்னும் கண்டுபிடிக்கப்படாதவர்கள்தான் இருக்கிறார்கள்.

கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மறைத்தால் ஊகிப்பார்கள், ஒன்பது வயதின் ஊகம் பொல்லாதது. பெயர்களை முதல் கிழமையிலேயே பாடமாக்குங்கள். ‘சன்’ என்று முடியும் ஆண்பிள்ளைகள் அரை வகுப்பு, ‘சிகா’ என்று முடியும் பெண்பிள்ளைகள் மிச்சம். தம்பி என்றும் பிள்ளை என்றும் பொதுவாகக் கூப்பிட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்கவேண்டாம். எவருடைய பெயரை இரண்டாம் முறையும் பிழையாகச் சொன்னீர்கள் என்பதை மற்ற முப்பது பேரும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். போன வருட ரீச்சரோடு போட்டிக்கும் போகக்கூடாது. “அவ அப்பிடிச் செய்யிறேல்ல, ரீச்சர்” என்று நாளுக்கு நாலு முறை கேட்பீர்கள். போன வருடம் அவர் வேறுவிதமாகத்தான் இருந்தார். மூன்றாம் ஆண்டை விட்டு வந்த பிறகுதான் அவர் தெய்வமானார்.

இனி முக்கியமான விஷயம், நீதி.

பியாஜேயை நீங்கள் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். ஏழிலிருந்து பதினொரு வயதுவரை பிள்ளை கண்ணால் கண்டதை, கையால் தொட்டதை வைத்துத்தான் தர்க்கம் செய்யும். கட்டைக் குவளைத் தண்ணீரை நெட்டைக் குவளைக்குள் ஊற்றினாலும் அளவு மாறாது என்று அதற்கு இந்த வயதில் விளங்கும். வேண்டுமானால் தோடம்பழச் சாற்றை வைத்துச் செய்து பாருங்கள். அளவு ஒன்றுதான் என்று முழு வகுப்பும் ஒரே குரலில் சொல்லும். “அப்ப எந்தக் கிளாஸ் ஆருக்கு, ரீச்சர்?” என்ற கேள்வி அடுத்த கணமே வரும். அதற்குப் பியாஜேயிடம் பதில் இல்லை.

ஆனால் அதே மனிதர் செய்த இன்னொரு வேலையைக் கல்லூரியில் அவ்வளவாகச் சொல்லித்தருவதில்லை. ஜெனீவாப் பக்கத்துப் பையன்களோடு நிலத்தில் குந்தியிருந்து, போளை அடிப்பது எப்படி என்று தனக்கு ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்டுக் கேட்டு எழுதினார். 1932 இல் அது புத்தகமாக வந்தது. சின்னப்பிள்ளைகளுக்கு விளையாட்டின் சட்டம் பெரியவர்கள் தந்தது, மாற்ற முடியாதது. வளர வளர, அது எல்லாரும் ஒத்துக்கொண்டதால் நிற்பது, ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்று பிடிபடுகிறது. பதினொன்று பன்னிரண்டில் விளையாட்டை விடச் சட்டத்தின் நுணுக்கத்திலேயே ருசி வந்துவிடுகிறது. நம்முடைய நாலாம் ஆண்டு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சட்டம் புனிதமானது என்றும் நம்புவார்கள், அதைத் தங்களால் திருத்த முடியும் என்றும் நம்புவார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் உங்களிடம் வாதிடுவார்கள்.

இதை நம்பக் கடினமாக இருந்தால் இடைவேளையில் வேப்பமரத்தடிக்குப் போய்ப் பாருங்கள். கால்வாசி நேரம் விளையாட்டு, முக்கால்வாசி வழக்கு. குழியிலிருந்து கோடு எத்தனை சாண், எவருடைய சாண், கால் தட்டி உருண்ட போளை கணக்கில் சேருமா சேராதா. அந்தப் பக்கம் கொக்கான் வெட்டும் பிள்ளைகள் ஒரு கல் அசைந்ததா இல்லையா என்று மூன்று சாட்சிகளை விசாரித்துக்கொண்டிருப்பார்கள். கிளித்தட்டில் தொட்டது முதுகையா காற்றையா என்பது தீராமலே மணி அடித்துவிடும். தீராத வழக்கு எல்லாம் மேன்முறையீடாக உங்கள் மேசைக்கு வரும்.

வகுப்பில் வருகிற வழக்குகளில் பெரும்பாலானவை அழிறப்பர் சம்பந்தப்பட்டவை. வாதி சொல்வது: “ரீச்சர், இவர் என்ர அழிறப்பரை எடுத்துப்போட்டார்.” பிரதிவாதி சொல்வது: “இல்லை ரீச்சர், இது கீழ கிடந்தது.” வாதி: “அதில என்ர பேர் இருக்கு.” பேர் இருந்த பக்கம் அழிக்கப்பட்டிருக்கிறது, அழிறப்பர் அல்லவா. சாட்சிகள் இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறார்கள். இந்த இடத்தில் புது ரீச்சர்மார் வழமையாகச் சொல்வது: “சரி சரி, ரெண்டு பேரும் இருங்கோ, ஒரு அழிறப்பருக்குச் சண்டையோ?” இப்படி ஒருமுறை சொன்னால் அந்த வருடம் முழுவதும் கஷ்டப்படுவீர்கள். அவர்கள் அழிறப்பருக்காக வரவில்லை. அது சில்லறைச் சாமான், இருவரிடமும் இன்னும் இரண்டு இருக்கும். இந்த ரீச்சர் கேட்பாவா மாட்டாவா என்று பார்க்க வந்தார்கள்.

கேளுங்கள், ஆனால் எழுத்தில் கேளுங்கள். ‘முறைப்பாட்டுக் கொப்பி’ என்று ஒன்றை மேசையில் வைத்து, முறையிட வருபவர் ஐந்து வசனமாவது எழுதவேண்டும், நிறுத்தக்குறி சரியாக இருக்கவேண்டும் என்று அறிவித்துவிடுங்கள். பாதி வழக்கு அங்கேயே வாபஸ். மீதியில் உங்களுக்குக் கிடைப்பது, ‘எனது பாடசாலை’ என்ற தலைப்பில் எந்தக் காலத்திலும் கிடைக்காத வசனநடை. “அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் திரும்பவும் சிரித்தார். நான் ஒன்றும் செய்யாத பிள்ளை. இதற்கு உடனடி நடவடிக்கை எடுக்கவும்.” தாய்மொழிப் பாடத்தில் எந்தத் தேர்ச்சி மட்டத்தின் கீழ் இதைப் பதிவது என்று பாடக்குறிப்பு எழுதும்போது யோசித்துக்கொள்ளலாம்.

மொனிற்றர் விஷயத்தில் கூடுதல் அவதானம் தேவை. நீங்கள் அலுவலகத்துக்குப் போய் வருவதற்குள் கரும்பலகையில் ‘கதைத்தவர்கள்’ என்ற தலைப்பில் ஒரு பட்டியல் இருக்கும். இரண்டாம் முறை கதைத்தவருக்குப் புள்ளடி, மூன்றாம் முறைக்கு இன்னொரு புள்ளடி. அதில் மொனிற்றரின் சிநேகிதன் பெயர் இராது. வகுப்பிலேயே உரத்த குரல் அவனுடையதுதான் என்பது அதிபருக்கே தெரியும். பட்டியலில் ஒரு பெயரின் மேல் கைவிரலால் அழித்த தடம் தெரிந்தால், எங்கோ ஒரு ரொபி கைமாறியிருக்கிறது. மொனிற்றர் பதவியைக் கிழமைக்கு ஒருவராகச் சுழற்றுங்கள். பெரியவர்களின் சபைகளிலும் இதைப் பரீட்சித்துப் பார்க்கலாம். அது எங்கள் பாடவிதானத்துக்கு வெளியே.

பெண்பிள்ளைகள் ‘கோவம்’ போட்டால் தலையிடாதீர்கள். யார் யாரோடு கோவம், யார் யாரோடு நேசம் என்று வரைபடம் கீறி, அதன்படி இருக்கைகளை மாற்றி முடிக்கும்போது இருவரும் நேசமாகி, தங்களைப் பிரித்துவிட்டதற்காக உங்களோடு கோவமாக இருப்பார்கள்.

பிரம்பு? 2005 இலும் 2016 இலும் கல்வி அமைச்சின் சுற்றுநிருபங்கள் வந்துவிட்டன, அடிக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு அது தெரியும், இலக்கத்தைத்தான் சொல்லமாட்டார்கள். பெற்றோருக்குத்தான் இன்னும் தெரியாது. “ரெண்டு கண்ணையும் விட்டிட்டு மிச்சம் எல்லாத்திலயும் அடியுங்கோ ரீச்சர்” என்று பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே உங்களிடம் உரிமை எழுதித்தர வரும் தகப்பனை நீங்கள் கட்டாயம் சந்திப்பீர்கள். தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அதைவிடக் கொடுமையான ஒரு தண்டனை இருக்கிறது, அதையும் செய்யாதீர்கள்: விளையாட்டுப் பாடநேரத்தில் கணக்குச் செய்விப்பது. குழப்படி செய்தவன் ஒருவன், மைதானம் பறிபோனது முப்பது பேருக்கு. கூட்டுத் தண்டனையின் அநியாயத்தை இந்த மண்ணில் இவர்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. வீட்டில் பெரியவர்கள் கதைப்பது இவர்களின் காதில் விழாமலா இருக்கிறது?

இனி, இவர்களுக்கு எதில் விருப்பம்? ஆசிரியர் வழிகாட்டியில் தேடவேண்டாம், நாட்காட்டியில் தேடுங்கள்.

தை மாதம் பட்டம். வல்வெட்டித்துறையில் பொங்கலன்று உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டிக்குப் பெரியவர்களே மாதக்கணக்காக ஈர்க்கும் நூலுமாகத் திரியும்போது, வடமராட்சிப் பிள்ளை கணக்கில் கண் வைப்பான் என்று எதிர்பார்ப்பது உங்கள் பேராசை. யன்னலுக்கு வெளியே விண் கூவும் சத்தம் கேட்டால் முழு வகுப்பின் கழுத்தும் ஒரே பக்கம் திரும்பும். எட்டுமூலைப் பட்டத்தை வைத்துச் சமச்சீர் படிப்பியுங்கள். முச்சை கட்டுவதில் நீங்கள் பிழைவிட்டால் திருத்த முப்பது பொறியியலாளர் இருக்கிறார்கள்.

அடுத்தது இல்ல மெய்வல்லுனர் போட்டி. இல்லங்களுக்கு நாவலர், பாரதி, வள்ளுவர், விபுலானந்தர் என்று பெயர் வைத்த முன்னோரின் நோக்கம் உயர்ந்ததுதான். நாவலர் யார் என்று கேட்டுப் பாருங்கள். “பச்சை” என்பார்கள். பாரதியை அஞ்சலோட்டத்தில் வென்ற பச்சை. பங்குனியில் சென்ற் ஜோன்சும் யாழ். மத்திய கல்லூரியும் கிரிக்கெட்டில் மோதும் வடக்கின் பெரும் சமர். 1904 இலிருந்து நடக்கிறது. பட்டணத்துப் பிள்ளைகள் அந்த நாட்களில் வகுப்புக்கு உடலை மட்டும் அனுப்புவார்கள். மத்திய கல்லூரியில் படித்த வியாஸ்காந்த் 2024 இல் ஐபிஎல்லில் பந்துவீசினார். அதன்பிறகு பின்வாங்கில் யாராவது மணிக்கட்டைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் வலிப்பு என்று பயந்துவிடாதீர்கள், சுழற்பந்து.

ஆடி மாதம் நாவற்பழம். பாடசாலை மதிலுக்கு அப்பால் நாவல் மரம் நின்றால், மதில் பாய்ந்தது யார் என்று விசாரணை நடத்தவே வேண்டாம். வரிசையில் விட்டு நாக்கை நீட்டச் சொல்லுங்கள். ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) வட்டுக்கோட்டையில் நெடுங்காலம் வாத்தியாராக இருந்தவர். பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவர அறிவுரையைவிடக் கொழுக்கட்டையே நல்லது என்று அவருக்குத் தெரிந்திருந்தபடியால்தான் அவருடைய ஆடிப்பிறப்புப் பாட்டை இன்றைக்கும் எவரும் வற்புறுத்தாமலே பாடுகிறார்கள். ஆவணி வந்தால் நல்லூர்க் கொடி. இருபத்தைந்து நாள் திருவிழா. போதாக்குறைக்குக் கனடாவிலிருந்து சித்தி வந்து நிற்பா. பிள்ளை மூன்று நாள் வராமல், நாலாம் நாள் நாற்பத்தெட்டு நிறப் பேனைப் பெட்டியோடு வரும். அன்றைக்கு அந்த வாங்கைச் சுற்றித்தான் உலகம். புரட்டாதி, ஐப்பசியில் வாணி விழா, அவல், கடலை. பிறகு மழை. மழை பெய்யும்போது கற்பிக்க முயன்ற எவரும் இதுவரை வென்றதில்லை.

மழை நாளில் படம் கீற விடலாம். ‘இயற்கைக் காட்சி’ என்று தலைப்புக் கொடுங்கள். முப்பது கொப்பியிலும் இரண்டு மலை, நடுவில் உதிக்கும் சூரியன், மலையிலிருந்து வளைந்து வரும் ஆறு, ஆற்றங்கரையில் ஒரு வீடு, ஒரு தென்னை. குடாநாட்டில் மலை இல்லை. வருடம் முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. மழை பெய்தால் வழுக்கியாறு கொஞ்ச நாள் தலைகாட்டும். கீரிமலைக்குப் போனால் கடலும் கேணியும்தான் இருக்கிறது. கிணறும் பனையும் வேலியும் கண்முன்னே கிடக்க, பார்த்தேயிராத மலையைக் கீறும் கையை என்ன செய்வது? திட்டாதீர்கள். “உந்த மலை எந்த ஊரில இருக்கு?” என்று மட்டும் கேளுங்கள். அடுத்த கிழமை ஒரு பிள்ளையாவது மலைக்குப் பக்கத்தில் துலா மிதித்த கிணற்றைக் கீறிக்கொண்டு வந்து, அப்பப்பா சொன்னவர் என்று சொல்லும்.

சுற்றாடல் பாடத்துக்கு நிலாவரைக் கிணற்றை எடுத்தால் எச்சரிக்கை. அங்கே போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதந்தது என்ற கதையைச் சொல்லி, சுண்ணாம்புக் கல், நிலத்தடி நீர் என்று விளக்கத் தொடங்குவீர்கள். அதற்குள் கைகள் உயரும். அது அதே தேசிக்காய்தான் என்று எப்பிடித் தெரியும்? பேர் எழுதிப் போட்டவையோ? எத்தனை நாள் எடுத்தது? மீன் போட்டால்? இந்தக் கேள்விகளை நிறுத்தாதீர்கள். நீரியல் நிபுணர்களும் நிறமூட்டி கலந்து பார்ப்பது இதே கேள்விக்காகத்தான்.

இந்த இடத்தில் பகிடியைக் கொஞ்சம் ஒத்திவைக்கிறேன். 1990களின் கடைசியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் ஐந்து வருடங்களை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது. ஒன்றிலும் இரண்டிலும் விளையாட்டுக்கு முதலிடம். ஐந்தில் மேசை வேலைக்கு முதலிடம். மூன்றும் நாலும் நடுநிலை: விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை மூன்றுக்கும் சம இடம். அரசாங்கமே அச்சடித்துத் தந்த உரிமை இது. அதாவது நாலாம் ஆண்டுப் பிள்ளை சட்டப்படி விளையாடலாம்.

நடப்பது வேறு. ஐந்தாம் ஆண்டில் புலமைப்பரிசில் பரீட்சை: இரண்டு வினாத்தாள், 200 புள்ளி. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் காலத்தில், கிராமத்து ஏழைப் பிள்ளை மத்திய கல்லூரிக்குப் போய்ப் படிக்கட்டும் என்று உருவாக்கிய வழி அது. இப்போது, மத்திய கல்லூரிக்கு நடந்து போகும் தூரத்தில் மாடிவீட்டில் இருக்கும் பிள்ளையும் அதற்காகவே காலை ஐந்து மணிக்கு எழும்புகிறது. சோதினைக்கு முந்திய நாட்களில் மேலதிக வகுப்புகளைப் பரீட்சைத் திணைக்களம் தடைசெய்கிறது. ஒன்றரை வருடத்துக்கு முந்திய நாட்களைத் தடைசெய்ய எவராலும் முடியவில்லை. ஆகவே நாலாம் ஆண்டுத் தை மாதமே தாய்மாரின் வட்ஸ்அப் குழுவில் செய்தி வரும்: “ரீச்சர், பாஸ்ற் பேப்பர் எப்ப தொடங்கிறியள்?” தவணைப் பரீட்சை முடிந்தால் புள்ளியைக் கேட்கமாட்டார்கள். “எத்தினையாம் பிள்ளை?” தொண்ணூற்றாறு எடுத்து எட்டாம் பிள்ளையாக வந்தவன் அன்றைக்கு வீட்டுக்கு மெதுவாகத்தான் நடப்பான்.

தாய்மாரை வில்லிகளாக்க எனக்கு விருப்பமில்லை. காணி போய், வீடு போய், பெட்டி தூக்கித் திரிந்த ஒரு தலைமுறையிடம் கடைசிவரை பறிபோகாமல் இருந்தது படிப்பு ஒன்றுதான். அந்தப் பயத்தைச் சுற்றுநிருபத்தால் விலக்கமுடியாது. ஆனாலும் பெற்றோர் கூட்டத்தில், இந்த வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு விளையாட்டு, அது பாடவிதானம் என்று ஒருமுறை உரத்துச் சொல்லிவையுங்கள். கையில் வழிகாட்டி நூலை வைத்துக்கொண்டு சொல்லுங்கள். புத்தகம் இருந்தால் யாழ்ப்பாணத்தார் கொஞ்சம் அடங்குவார்கள்.

“அந்தக் காலத்தில பிள்ளையளுக்கு எவ்வளவு பாரமானதைப் படிப்பிச்சவை” என்று தாத்தா ஒருவர் எழும்பக்கூடும். அவர் சொல்வது உண்மைதான். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், படிப்படியாகப் பாலபாடங்கள் எழுதினார். நான்காம் பாலபாடத்தைத் திறந்தால் கொலை, களவு, கள், சூது எல்லாவற்றையும் விலக்கச் சொல்லிக் கண்டிப்பான உரைநடை. பாலபாடத்தின் நாலு வேறு, வகுப்பின் நாலு வேறு என்பதைத் தாத்தாவுக்குப் பணிவாகச் சொல்லுங்கள். ஆனால் ஒன்றை நாவலரிடம் எடுத்துக்கொள்ளலாம். அவர் பிள்ளைகளிடம் குழைந்து பேசவில்லை, பெரியவர்களிடம் பேசுவதுபோலவே வசனம் எழுதினார். நாலாம் ஆண்டுக்கு அது பிடிக்கும். “செல்லக்குட்டியள், எல்லாரும் கைதட்டுவமா?” என்று பாலர் வகுப்புக் குரலில் தொடங்கினால் பின்வாங்கில் ஒரு புருவம் உயரும்.

தீவகத்துக்கோ வடமராட்சி கிழக்குக்கோ நியமனம் கிடைத்தால் வாழ்த்துகள். மூன்றும் நாலும் ஒரே அறையில், மொத்தம் பத்துப் பன்னிரண்டு பேராக இருக்கலாம். நெடுந்தீவில், குறிகட்டுவானிலிருந்து நாளைக்குப் படகு வருமா வராதா, அதாவது நீங்கள் வருவீர்களா மாட்டீர்களா என்பதை முதல்நாள் பின்னேரக் காற்றை வைத்தே உங்கள் மாணவர் கணித்துவிடுவார்கள். தாளையடிப் பக்கத்தில் ‘ஒரு பெட்டியில் 12 அப்பிள்’ என்று கணக்குச் சொன்னால் கொட்டாவி வரும். கரைவலையில் பட்ட மீனை விற்ற காசு, சம்மாட்டிக்கு இவ்வளவு, மிச்சம் வலை இழுத்தவர்களுக்குச் சமமாக என்று சொல்லிப் பாருங்கள். மிச்சமின்றிப் பிரிப்பார்கள்; உங்கள் கணக்கில் எரிபொருட்செலவு விடுபட்டதையும் சுட்டிக்காட்டுவார்கள். வலிகாமத்துத் தோட்டக்காரப் பிள்ளைக்கு அப்பிளுக்குப் பதில் வெங்காயம், அந்தர் கணக்கில்.

இன்னுமொரு கேள்விக்கு ஆயத்தமாக இருங்கள். உங்களுக்கு இப்போது இருபத்தேழு, இருபத்தெட்டு வயதென்றால், நீங்கள் நாலாம் ஆண்டு படித்தது ஏ-9 வீதி பூட்டிக்கிடந்த நாட்களில். 2006 ஆகஸ்டில் பூட்டினார்கள். அரிசி, மா, சீனி கப்பலில் வந்தன, வந்ததற்கு வரிசையில் நின்றோம். ஏதோ ஒரு பாடத்தில் இது வாய்தவறி வந்துவிடும். வகுப்பு நிசப்தமாகும். நீங்கள் ஊரடங்கைப் பற்றி, விளக்கில் படித்ததைப் பற்றி, எவ்வளவு சொல்லலாம், எங்கே நிறுத்தலாம் என்று மனதுக்குள் அளந்துகொண்டிருக்கும்போது முன்வாங்கிலிருந்து ஒரு கை உயரும். “அப்ப ரொபியும் வராதோ ரீச்சர்?” வராது என்று சொல்லுங்கள். அன்று போரைப் பற்றி அவர்கள் விளங்கிக்கொண்ட அளவுக்கு எந்தப் பாடப்புத்தகமும் விளங்கவைத்ததில்லை. அடுத்த நாள் உங்கள் மேசையில் இரண்டு மூன்று ரொபி கிடந்தால் யார் வைத்தது என்று கேட்கவேண்டாம்.

கடைசியாக, மேற்பார்வை. ஆசிரிய ஆலோசகர் வருவார் என்று அலுவலகத்திலிருந்து முதல்நாளே காதில் விழும். இரவிரவாகப் பிறிஸ்ரல் மட்டையில் பின்ன வட்டங்கள் வெட்டுவீர்கள். அதையும் தாண்டி, ஒருமுறை ஒத்திகை பார்த்தால் நல்லது என்று தோன்றும்; முதல்நாளே அதே பாடத்தை அதே கேள்விகளோடு நடத்திவிடுவீர்கள். அடுத்த நாள் ஆலோசகர் பின்வாங்கில் இருக்க, கேள்வி கேட்கிறீர்கள். முப்பது கையும் உயர்கிறது. கூரையைத் தூக்கியெறிகிற உற்சாகம். நீங்கள் ஒரு கையைக் காட்டுகிறீர்கள், அந்தப் பிள்ளை எழும்பி, சரியான விடையைச் சொல்லி, கையைக் கட்டிக்கொண்டு, நீதிக்கு மாறாக எதுவும் நடந்துவிடக் கூடாதே என்ற அக்கறையோடு கேட்கும்:

“ரீச்சர், நேற்றும் நான்தான் சொன்னனான். இண்டைக்கு வேற ஆளைக் கேக்க வேணும் எண்டுதானே நீங்கள் சொன்னீங்கள்?”

விளக்கம் சொல்ல முயலவேண்டாம். “ஓம், அது சரி” என்று அடுத்தவரைக் காட்டிப் பாடத்தைத் தொடருங்கள். ஆலோசகர் குனிந்து எதையோ எழுதுவார். அவர் போனபின் பகுதித் தலைவர் புத்தகத்தைத் திறந்து காட்டுவார்: ‘மாணவர் பங்கேற்புச் சிறப்பு. ஆசிரியர் அளித்த வாக்கைக் காப்பாற்றுகிறார்.’ அவரும் ஒருகாலத்தில் நாலாம் ஆண்டு எடுத்தவராக இருக்கவேண்டும்.